கூரைக்கும் ஒரு புள்ளிவரி: செட்டிநாட்டு வளவு வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்காளிகளுக்கு,

வணக்கம். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொண்டுவிற்றுத் தேடிய பொருளால் நம் பாட்டன்மார் கட்டிய வீடுகளில் பங்குள்ள ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன்.

முகப்பு, வளவு எனப்படும் நடு முற்றக்கட்டு, இரண்டாம் கட்டு, அடுப்படி என நேர்கோட்டில் நீண்டு, முன்வாசலில் நிற்பவர் கண்ணுக்குப் பின்கட்டுக் கதவு வரை தெரியும்படி அமைந்தவை அவை. வளவின் இருபுறமும் மணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், அறை ஒதுக்கினார்கள். நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தூண்களையும் பிரிக்காமல் பொதுவில் வைத்தார்கள். கூடி வாழ்வதற்கென்றே வகுத்த அந்த ஏற்பாடுதான் இன்று வீட்டைச் சாய்க்கிறது என்பது என் கருத்து. அறைக்குப் பூட்டும் சாவியும் உரியவரும் உண்டு. கூரைக்கு எவரும் இல்லை.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் வளவின் வடகிழக்கு மூலையில் நாலைந்து நாட்டு ஓடுகள் சரிந்திருந்தன. அவ்வழியே இறங்கிய நீர், தேக்கு உத்திரத்தின் சுவருக்குள் புதைந்த முனையில் தேங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினேன், மரம் உள்வாங்கியது. கடுக்காய் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பால் பளிங்குபோல் இழைத்த சுவர், அதன்கீழ் ஒரு முழ அகலத்துக்கு உப்பிப் பொரிந்து கிடந்தது. அப்பத்தா சாய்ந்து உட்கார்ந்து பழகிய சுவர் அது. நீர்வரத்தை நிறுத்தினால் சுண்ணாம்புச் சுவர் தானே உலரும். அவசரத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி அரிக்கும்.

1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபின் அங்கிருந்து வந்த வரவு நின்றது; பராமரிப்பும் தளர்ந்தது. ஒழுகும் வீட்டுக்குத்தான் பழம்பொருள் வியாபாரி முதலில் வருகிறார். ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடியின்மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் தரைக்கல் வார்க்கிறார்கள், ஆகவே தளம் பெயர்ந்தால் மீண்டும் பாவலாம். ஒரே மரத்தில் கடைந்த பர்மாத் தேக்குத் தூண் போனால், அதன் இடத்தில் நிறுத்த இன்னொன்று கிடைக்காது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பது பெருமைதான். ஆனாலும் நம் வீட்டுக் கூரை ஓடுகளை நாம்தான் மாற்ற வேண்டும். கோயிலுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளிவரி செலுத்திப் பழகியவர்கள் நாம். அதே கணக்கில், அறை பெரிதா சிறிதா என்று பாராமல், கூரைக்கும் ஆண்டுதோறும் ஒரு வரி வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் வீடுகளிலும், வழக்கைப் பாதிக்காத வகையில் எழுத்தில் ஒப்புக்கொண்டு இதைச் செய்யலாம்.

வரும் ஐப்பசிக்கு முன், நாட்டு ஓடு வேய்ந்து பழகிய ஒரு கொத்தனாரை அழைத்து, பங்காளிகளில் இருவராவது அவருடன் மேலே ஏறிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்காளிகளுள் ஒருவன்