மண்டபம் நிறைவது யாருக்குத் தேவை?

கொழும்பு 6
2026 பெப்ரவரி

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் கிடைத்தது. பதில் பிந்தியதற்குச் சோம்பல் காரணமல்ல, நீ கேட்டிருந்த கேள்விதான் காரணம். உங்கள் வொஷிங்டனில் இருக்கும் கென்னடி கலை நிலையத்தின் தலைமையை ட்ரம்ப் எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே இனிப் போவதா, விடுவதா என்று கேட்டிருந்தாய். தம்பி போகவே கூடாது என்கிறான். உன்னவர், காசு கட்டிய டிக்கெட்டை வீணாக்குவதா என்கிறார். நடுவில் உனக்கு நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் யோசித்து முடிப்பதற்குள் ட்ரம்ப் முந்திக்கொண்டார். ஜூலை 4 முதல் ஏறத்தாழ இரண்டு வருடம் திருத்த வேலைக்காக மூடப்போவதாக அறிவித்துவிட்டார். ஆனாலும் அதற்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. டிக்கெட்டும் உன் கையில் இருக்கிறது. எனவே நீ தப்பிக்க முடியாது, நானும்தான்.

முதலில் இங்கத்தைய செய்தி. நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளவத்தையில் எங்களுக்கு மின்சாரம் போனதோடு சரி. களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வீடுகள் கூரை வரைக்கும் மூழ்கின. மலையகத்தில்தான் கொடுமை. பதுளை, நுவரெலியா, கண்டி எங்கும் மண்சரிவு; நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். எங்கள் சங்கீத வகுப்பின் மார்கழி நிகழ்ச்சியை நிறுத்தி, மண்டபத்துக்கென்று சேர்த்த காசில் பாயும் போர்வையும் வாங்கி அனுப்பினோம். அந்த நிகழ்ச்சியை நிறுத்த யாரும் விவாதிக்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும், வர்ணம் பாடமாக்கியது வீணாகிவிட்டதே என்று அழுதது. காரணம் கண்முன்னே இருக்கும்போது கைவிடுவது எளிது. உன் விஷயத்தில் அப்படி இல்லை.

உன் வீட்டுச் சண்டையை நான் எட்ட நின்று பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றியது ஒரு வேடிக்கை. ஜனாதிபதி ஒருவர் கலை மண்டபத்தில் தலையிடுகிறார் என்று உங்கள் ஊரே கொதிக்கிறது. நாங்கள் இங்கே அரசியல்வாதி இல்லாத மேடையை எப்போது பார்த்தோம்? உனக்கு நினைவிருக்கும், நிகழ்ச்சி நிரலில் முதல் வரி எப்போதும் "பிரதம அதிதி வருகை". போன வருடம் ஒரு நடன நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். அமைச்சர் வரவில்லை. ஒப்பனையோடு பிள்ளைகள் பக்கத்தறையில் மின்விசிறிக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கண் மை வியர்வையில் கரைந்து கன்னத்துக்கு இறங்க, ஒரு தாய் கைக்குட்டை நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். மிருதங்கக்காரர் சுருதி சேர்ப்பதும், அது இறங்குவதும், திரும்பச் சேர்ப்பதுமாக இருந்தார். அமைச்சர் வந்தார், விளக்கேற்றினார், பொன்னாடை போர்த்திக்கொண்டார், கலை வளர வேண்டும் என்று பேசினார், அலாரிப்பு முடியுமுன் எழுந்து போனார். பின்னாலேயே முன்வரிசை முழுவதும் போயிற்று. இதற்காகவெல்லாம் புறக்கணிப்பதென்றால் கொழும்பில் ஒரு சலங்கை ஒலியும் கேட்டிருக்க மாட்டோம்.

ஆனால் அந்த அமைச்சர் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தாரே தவிர, என்ன ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் ஊரில் நடந்திருப்பது வேறு. 1971இல் திறந்த அந்த நிலையத்தின் அறங்காவலர்களை ஜனாதிபதிகள்தான் எப்போதும் நியமித்து வந்திருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு கட்சிக்காரரும் கலந்துதான் இருந்தார்கள்; நியமிக்கிறவர் வந்து தலைமைக் கதிரையில் தானே அமர்ந்ததில்லை. 2025 பெப்ரவரியில் ட்ரம்ப் பழைய அறங்காவலர்களை விலக்கினார், மிஞ்சியவர்களும் புதியவர்களும் சேர்ந்து அவரையே தலைவராகத் தெரிவு செய்தார்கள். நிர்வாகத் தலைவராக இருந்த டெபரா ரட்டரை நீக்கி ரிச்சர்ட் கிரெனலை வைத்தார்கள். இன்ன வகை நிகழ்ச்சி இனி இந்த மேடையில் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். டிசம்பரில் சபை கூடிக் கென்னடியின் பெயருக்கு முன்னால் ட்ரம்பின் பெயரைச் சேர்க்கத் தீர்மானித்தது, மறுநாளே எழுத்து சுவரில் ஏறிவிட்டது. அது கென்னடியின் நினைவாகக் காங்கிரஸ் சட்டம் போட்டுப் பெயர் வைத்த இடம். சபையில் பதவி வழியாக இடம்பெறும் காங்கிரஸ் உறுப்பினர் ஜோய்ஸ் பீட்டி வழக்குப் போட்டிருக்கிறார்.

பெயர் விஷயத்தில் எங்களிடம் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. 2011 டிசம்பரில் சீன உதவியில் திறந்த தாமரைத் தடாக அரங்குக்கு, அப்போது பதவியில் இருந்த மகிந்த ராஜபக்ஷவின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். இன்று ஓட்டோக்காரரிடம் சிங்களத்தில் நெலும் பொகுண (தாமரைத் தடாகம்) என்றால் கொண்டுபோய் இறக்குவார். முழுப் பெயரையும் சொன்னால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் இந்தியா கட்டிக் கொடுத்த கலாசார மையத்துக்குப் போன வருடம் ஜனவரியில் திருவள்ளுவர் பெயரை வைத்தபோது யாழ்ப்பாணம் என்ற பெயர் விடுபட்டுப் போக, வள்ளுவரென்றும் பாராமல் சனம் கொதித்தது. கடைசியில் இரண்டு பெயரையும் சேர்த்தார்கள். அந்தக் கொதிப்பிலும் யாரும் மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டோம் என்று சொன்னதாக நான் அறியவில்லை. பெயரோடு சண்டை பிடிக்கலாம், கட்டடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தம்பி பெயர்ப் பலகையைக் காட்டிப் போகாதே என்றால், அது போதாது என்று சொல்.

சரி, என் தீர்ப்புக்கு வருகிறேன். நான் இதை யோசிப்பது வொஷிங்டனை வைத்து அல்ல, எங்களுக்கு நடந்த இரண்டை வைத்து.

2010 ஜூனில் இந்தித் திரைப்பட விருது விழாவைக் கொழும்பில் நடத்தினார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம்தான். தமிழ்நாட்டுத் திரையுலகம் எதிர்த்தது. போகிறவர்களின் படத்தைத் தெற்கில் ஓட விடமாட்டோம் என்றது. பெரிய நட்சத்திரங்கள் பலர் வரவில்லை. அப்போது இங்கே இருந்த எங்களுக்கு வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குள் சந்தோஷப்பட்டோம். ஏனென்றால் அந்த விழா அரசாங்கத்துக்குத்தான் தேவைப்பட்டது. எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று உலகத்துக்குக் காட்ட அவர்களுக்கு அந்த முகங்கள் வேண்டும். முகங்கள் வராதபோது அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

அடுத்த வருடம் ஜனவரியில் இங்கே தமிழ்ச் சங்கத்தில் சர்வதேசத் தமிழ் எழுத்தாளர் மாநாடு. அதையும் புறக்கணிக்கச் சொன்னார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும். அரசாங்கம் பின்னால் இருக்கிறது என்றார்கள், ஏற்பாட்டாளர்கள் மறுத்தார்கள். சங்கம் இருக்கும் 57ஆம் ஒழுங்கைக்கு நான் நடந்தே போனேன். அங்கே வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மா தன் கவிதைகளை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி, சொப்பிங் பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முகாமில் இருந்தபோது எழுதியவையாம். வாசிக்கக் கேட்டேன், முதலில் கொடுக்கவில்லை, தேநீர் இடைவேளையில் தானே வந்து நீட்டினார். அட்டையில் ஈரம் பட்டு மை ஊறியிருந்தது. மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தவர்களோடு அவர் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தக் கூட்டம் யாருக்குத் தேவைப்பட்டது? அவருக்கு. வராதே என்று சென்னையிலிருந்து அறிக்கை விட்டவர்களுக்கு அதனால் நட்டம் எதுவுமில்லை. அவர்கள் கோபம் பொய்யென்று நான் சொல்லவில்லை. அந்தக் கோபத்தின் செலவை வேறொருவர் கட்டினார் என்கிறேன்.

எனவே நான் கேட்கும் கேள்வி, யார் தலைவர் என்பதல்ல. அன்று மாலை அந்த மண்டபம் நிறைவது யாருக்குத் தேவை?

இதை உன் டிக்கெட்டுகளுக்குப் போட்டுப் பார். டிசம்பரில் அங்கே நடக்கும் கலைஞர் கௌரவிப்பு விழாவை இந்த முறை ட்ரம்பே தொகுத்து வழங்கினார். அப்படியான விழாவுக்கு இலவச அழைப்பு வந்தாலும் போகாதே. நன்கொடை கேட்டு வரும் கடிதத்தைக் குப்பையில் போடு. வியாழக்கிழமை இரவு தேசிய சிம்பனி இசைக்குழு வாசிக்கிறது என்றால் போ. அந்த வயலின்காரர்களை ட்ரம்ப் நியமிக்கவில்லை. காலியான கதிரைகளைப் பார்த்து அவருக்கு உறைக்காது, வாசிக்கிறவர்களுக்குத்தான் உறைக்கும். கச்சேரிக்கு முன் இப்போது தேசிய கீதம் வாசிக்கிறார்கள், எழுந்து நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துச் சிரித்தேன். இங்கே சவோய் தியேட்டரில் எந்த மொழிப் படத்துக்குப் போனாலும் கீதத்துக்கு எழுந்து நிற்கிறோம், பிறகு உட்கார்ந்து கச்சான் கொறிக்கிறோம். கால் வலித்தால் சொல்லு, அது வேறு.

தம்பி விடமாட்டான், எனக்குத் தெரியும். டிக்கெட் காசு ஒரே பெட்டிக்குள்தானே போகிறது, இசைக்குழுவுக்கு என்று தனியாகப் போவதில்லையே என்பான். அதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கட்டடப் பராமரிப்புக்குத்தான். மேடையில் நடப்பது டிக்கெட்டாலும் நன்கொடையாலும்தான் ஓடுகிறது. அப்படியென்றால் சனம் வராமல் விட்டால் முதலில் விழுவது கட்டடமா, மேடையா? அங்கே இருந்த ஒபேராவுக்கு நடந்ததைப் பார்த்தோமே. டிக்கெட்டும் நன்கொடையும் சரிந்தன. போதாததற்குப் புதிய நிர்வாகம், தயாரிப்புச் செலவு முழுவதையும் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்றது. ஒபேரா உலகத்தில் எங்கும் அப்படி முடியாது. வொஷிங்டன் தேசிய ஒபேரா இந்த ஜனவரியில் வெளியேறுவதாக அறிவித்தது. 1956இல் தொடங்கிய அந்த அமைப்பு, ஆரம்ப நாட்களில் பாடிய லிஸ்னர் அரங்குக்கே திரும்பிப் போகிறது. இதைத் தம்பி வெற்றி என்பான். போனது பாடுகிறவர்கள், இருப்பது கட்டடமும் சுவரில் எழுத்தும். எனக்கு இது பாதி வெற்றியாகக்கூடத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் தாங்களே எடுத்த முடிவு என்பதால் அதற்கு நான் தலை வணங்குகிறேன், லிஸ்னருக்கு நீயும் கட்டாயம் போக வேண்டும்.

கலைஞர் மறுப்பதற்கும் ரசிகர் மறுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒபேரா பாடகி ரெனே ஃப்ளெமிங்கும் பாடகர் பென் ஃபோல்ட்ஸும் அங்கே வகித்த ஆலோசகர் பதவியை விட்டார்கள். நடிகை இசா ரே, டிக்கெட் எல்லாம் விற்று முடிந்த நிகழ்ச்சியை ரத்துச் செய்தார். ஹாமில்டன் இசை நாடகக் குழு இந்த வருடத்து ஆட்டங்களை விலக்கிக்கொண்டது. இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சக் ரெட். அவர் வருடக்கணக்காக அங்கே நத்தாருக்கு முதல் நாள் இரவில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தி வந்தவர். பெயர் மாறியதைக் கண்டு, இந்த முறை இல்லை என்றார். பத்து இலட்சம் டொலர் நட்டஈடு கேட்போம் என்று கிரெனல் மிரட்டினார். ஒரு ஜாஸ் கலைஞரிடம்! தன்னுடையதைத் தானே இழக்கிறவர்களிடம் எனக்கு வாதமே இல்லை. உன்னுடைய ஒரு டிக்கெட்டை அவர்களுடைய இழப்போடு சேர்த்துத் தராசில் வைக்காதே என்றுதான் சொல்கிறேன்.

இசைக்குழுவினரே நாளைக்கு, தயவுசெய்து வராதீர்கள் என்று கேட்டால்? அன்றைக்குப் போகாதே. கதவுக்கு வெளியே அவர்கள் நின்றால் நீயும் பக்கத்தில் நில். அவர்கள் கேட்காதவரை, அவர்களுக்காக நீ முடிவெடுக்க வேண்டாம். இதில் தம்பி என்னோடு தொலைபேசியில் சண்டை பிடிக்கலாம், ஞாயிறு காலையில் இங்கே நான் வீட்டில்தான் இருப்பேன்.

மற்றபடி, லயனல் வென்டில் வருகிற மாதம் ஒரு நாடகம் இருக்கிறது, பெரிய மருமகளோடு போகிறேன். அந்த அரங்கு 1953இலிருந்து ஓர் அறக்கட்டளையின் கையில் இருப்பதால் பிரதம அதிதிக்குக் காத்திருக்காமல் நேரத்துக்குத் தொடங்குவார்கள். உன் முழங்கால் எப்படி? சித்திரைக்கு வருவாயா மாட்டாயா என்று எழுதவே இல்லை. வருவதென்றால் அந்த மூட்டுவலி மருந்தில் இரண்டு போத்தல் கொண்டு வா, இங்கே விலை தாங்காது. உன்னவருக்கு என் வணக்கம். டிக்கெட்டை வீணாக்க வேண்டாம் என்ற அவர் பக்கம்தான் நான் சாய்ந்தேன் என்று சொல்லிவிடாதே, பிறகு ஆளைப் பிடிக்க முடியாது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி