டீசல் மண்ணுக்கு யூரியா

அன்புள்ள நண்பா,

டீசல் ஊறிய லாரி ஷெட் மண்ணைச் சுத்தப்படுத்தப் பாக்டீரியாப் பொடி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்ப்பா. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் குடித்த மண்ணில் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருக்கும். அவற்றுக்குக் கிடைக்காதது காற்றும் நைட்ரஜனும்தான். 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோதும், கரையில் உரம் தெளித்துத்தான் அங்கிருந்த பாக்டீரியாக்களை முடுக்கிவிட்டார்கள்.

ஒரு டன் மண்ணில் 10 கிலோ எண்ணெய் என்று வைத்துக்கொள். அதில் கார்பன் சுமார் 8.5 கிலோ. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 விகிதத்தில் வர, 425 கிராம் டிஏபியும் (நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்ந்த உரம்) 1.7 கிலோ யூரியாவும் போதும். மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடாதே. யூரியா அம்மோனியாவாக மாறி, பிஎச் (மண்ணின் அமில-கார அளவு) ஏறும், உப்பும் கூடும், வளர்க்க நினைத்த உயிர்களே செத்துப்போகும். நான்கு தவணையாகப் போடு. மரச்சீவல் கலந்தால் காற்றோட்டம் கிடைக்கும், ஆனால் சீவல் மட்கும்போது அதுவும் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்.

இங்கே சிங்கப்பூரில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி மழை. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் இதே கதைதான். நீர் தேங்கினால் காற்று நுழையாது, எண்ணெய் சிதைவது ஏறக்குறைய நின்றுவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுதான் அடையாளம். கீழே தடித்த பாலித்தீன் விரித்து, மண்ணை ஓரடி உயரத்துக்குப் பரப்பி, மேலே தார்ப்பாய் போடு. வாரம் ஒருமுறை கிளறிவிடு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக்கூடாது. கசியும் நீரைக் குழியில் பிடித்து அதே மண்ணில் தெளி. வெளியே விடவே கூடாது. இங்கே லோரோங் ஹாலுஸில் 1999 வரை இயங்கிய குப்பைமேட்டின் கசிவுநீரை நாணல் படுகை வழியே சுத்திகரிக்கிறார்கள். மேட்டை மூடி இத்தனை ஆண்டாகியும் அந்த வேலை ஓயவில்லை, பார்.

உரமிடாமல், அதே அளவு மரச்சீவல் மட்டும் கலந்த மண்ணையும் ஒரு மூலையில் தனியே வை. மரச்சீவல் கலந்தாலே எண்ணெய் அளவு குறைந்ததுபோல் தெரியும். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் ஏமாந்துபோவோம்.

பழைய பேட்டரி கிடந்த இடம் என்கிறாயே, அதுதான் எனக்குக் கவலை. பேட்டரி ஈயத்தை எந்தப் பாக்டீரியாவாலும் அழிக்க முடியாது. அந்தப் பக்கத்து மண்ணை மற்றதோடு கலக்காதே. எண்ணெயோடு ஈயம், பிஎச், நைட்ரஜன் மூன்றையும் அளக்கச் சொல்லி முடிவை அனுப்பு. மண்ணிலேயே நைட்ரஜன் இருந்தால் யூரியாவைக் குறைத்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்