ஒரு துப்பாக்கி போதுமா, சுமதி?

அன்புள்ள சுமதி,

அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் தம்பி சொன்னான். படியேறத் தொடங்கிவிட்டார்களா? இங்கே எல்லோரும் நலம். சின்னவள் என்னைவிட உயரமாகிவிட்டாள். இவ்வளவு நாள் எழுதாததற்கு நீ திட்டப்போவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது சொல்ல வேண்டியது வேறு.

எனக்குத் துப்பாக்கி உரிமம் கிடைத்துவிட்டது!

நியூசிலாந்தில் இது சுலபமாகக் கிடைக்கும் என்று நீ நினைத்திருப்பாய். எழுத்துத் தேர்வும் செய்முறை வகுப்பும் முடிந்த பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். தோட்டாக்களைத் தனியாகப் பூட்டி வைக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். பிறகு என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசினார். கோபம் வந்தால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்பதுதான் கேள்வியாம். என்ன பதில் சொன்னார் என்பதை மனிதர் இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை. 2019 மார்ச்சில் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் ஒருவன் 51 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, பெரிய தோட்டா போடும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைச் சில வாரங்களிலேயே தடை செய்த நாடு இது. 2023 முதல் ஒவ்வொரு துப்பாக்கியும் அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். இன்னும் கடுமையாகக் கேட்டிருந்தாலும் உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பேன்.

இனி, மான் வேட்டைக்கும் கிளப்பில் குறி சுடவும் எதை வாங்குவது? நம் என்.சி.சி. ரைஃபிள் போல ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளுவதுதான் வேண்டும், அதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் உன்னால் வந்தது. "கனமான குழல் இல்லாத துப்பாக்கியைத் தொடாதே" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ சுடக் கற்றுத்தரும் மாணவிகள் 10 மீட்டரில் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கிறவர்கள். அவர்களுக்கு நீ சொல்வது வேதம். கனமான குழல் சீக்கிரம் சூடேறாது, ஆடாது, பத்து தோட்டா தொடர்ந்து சுட்டாலும் ஓட்டைகள் நெருக்கமாகவே விழும், சிதறாது, எல்லாம் சரி. ஆனால் அப்படிப்பட்ட துப்பாக்கி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு சேர்ந்து 4 கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரக் காட்டில் மேடேறப்போவது நீயா, நானா?

கணக்கைப் பார். 100 மீட்டரில் ஒரு மினிட் கோணம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது சுமார் 29 மில்லிமீட்டர். மெல்லிய குழல் உள்ள சாதாரண வேட்டை ரைஃபிள்கூட இரண்டு மினிட்டுக்குள் சுடும், அதாவது 6 சென்டிமீட்டருக்குள். செம்மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் அகலம். காட்டில் குறி தவறுவது குழலால் அல்ல. மேடேறி மூச்சு வாங்க நிற்கும்போது துடிக்கிற நெஞ்சால். கிளப்பில் குறி சுடும் நாளில் மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை குழலை ஆறவிட்டால் போயிற்று. எனக்கு அவசரமில்லை.

காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்ற விஷயத்தில் எங்கள் கிளப்பில் பட்டிமன்றமே நடக்கும். 1952இல் வந்த .308தான் பாதிப் பேருக்கு. தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். இளையவர்களுக்கு 6.5 கிரீட்மோர். தூரக் குறிக்கு அது அருமைதான். .223 சுடச் சுகமாக இருக்கும், ஆட்டுக்குப் போதும், செம்மானுக்கு என் மனம் ஒப்பவில்லை. காயத்தோடு ஓடவிடக் கூடாது, சுமதி, அது ஒன்றுதான் எனக்கு அளவுகோல். நான் 7எம்எம்-08 பக்கம் சாய்ந்திருக்கிறேன். .308இன் தோட்டாக் கூட்டையே கழுத்தில் நெருக்கிச் செய்தது. சுட்டதும் தோளில் விழும் உதை கொஞ்சம் குறைவு, மானுக்கு வேண்டிய வேகம் உண்டு. இன்னும் வலுவான மேக்னம் தோட்டாத் துப்பாக்கி வாங்கச் சொன்ன ஒருவர் சுடும்போது கவனித்தேன்: உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை இறுக மூடுகிறார். நம் என்.சி.சி. சுபேதார் ஐயா பார்த்திருந்தால் குழல் முனையில் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கும்வரை அவரை நாள் முழுவதும் படுக்கவைத்திருப்பார்.

கடையில் நான் செய்ததைக் கேள். விலைச் சீட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை அதன் பின்பக்கக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறந்தேன். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் அது எனக்கான கட்டை. கறுப்பு நிலாப் பிறையாகத் தெரிந்தால் இல்லை. பெரும்பாலான கட்டைகள் என் கைக்கு நீளம். ஜப்பானின் ஹோவா ரைஃபிள் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கனம். பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ், 3 கிலோ அளவில், பின்தட்டை மாற்றிக் கொஞ்சம் குறுக்கியதும் முதல் தடவையே முழு வட்டம் தெரிந்தது. போல்ட் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடுகிறது. விசை சுத்தமாக விடுகிறது. 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் போதும். பாக்கிப் பணத்துக்குச் சின்னத் தோட்டா போடும் ஒரு .22 ரைஃபிள். வாரா வாரம் பழக அதுதான் கட்டுப்படியாகும், முயலுக்கும் அதுவே. ஆகவே தலைப்பில் கேட்டதற்கு என் பதில், போதாது.

வேட்டை பற்றி நீ கேட்டதை நான் மறக்கவில்லை. உயிரைக் கொல்லவா சுடக் கற்றோம் என்றாய். இந்த மண்ணில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயல்பாக இருந்ததில்லை. மான்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டவை. நம் கடமான்கூட இருக்கிறது, 1870களில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தது. தின்ன ஒரு புலியில்லை, சிறுத்தையில்லை. காட்டின் அடிச்செடிகளை முளையிலேயே மேய்ந்துவிடுகின்றன. பெரிய மரங்களுக்குக் கீழே குட்டி மரமே இல்லாத இடங்களைப் பார்த்தேன், வயிறு பதறியது. இமயமலை வரையாட்டை 1904இல் மவுண்ட் குக் பக்கம் விட்டார்கள். இன்று பத்தாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று திட்டம் போட்டுச் சுடுகிறார்கள். நம் நீலகிரி வரையாட்டைக் காக்கத் தனித் திட்டம் வைத்திருக்கும் ஊர்க்காரி நான். அங்கே அதன்மேல் ஒரு கல் பட்டாலும் பொறுக்க மாட்டேன். இங்கே சுடுவேன், சமைப்பேன், வீணாக்க மாட்டேன். உனக்குச் சாம்பார்தான், கவலைப்படாதே.

எனக்குள்ள பயம் வேறு. கூட வேட்டைக்கு வந்தவரையே மான் என்று நினைத்துச் சுட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. ஆள் பொல்லாதவராக இருக்க வேண்டியதில்லை. புதர் அசைந்தது, பழுப்பு நிறம் தெரிந்தது, மனம் மானைப் பார்த்துவிட்டது. அதனால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்: தலையும் கழுத்தும் உடலும் தனித்தனியாக என் கண்ணுக்குத் தெரியாதவரை விசையில் விரல் போகாது, வெறும் கையோடு திரும்பினால் யாரும் கேலி செய்யக் கூடாது. குறி மாறிச் சுட்டதால், ஐந்து தோட்டாவுக்கான அட்டையில் ஆறாவது ஓட்டை விழுந்த நம் பானுமதி கதையை இவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், சிரிக்கிறார்கள். எனக்கு இப்போது அதில் சிரிப்பு வருவதில்லை.

நீ வருவதானால் மார்ச் கடைசியில் வா. ஆண் செம்மான்கள் உறுமும் காலம், மலையே அதிரும். உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்தால் நீயும் சுடலாம், சட்டம் அனுமதிக்கிறது. வரும்போது உன் மாணவிகள் கையில் கட்டும் தோல் வார் ஒன்று கோவையில் தைத்து எடுத்து வா. இங்கே கிடைப்பது எல்லாம் நைலான்.

கடைக்காரர் டிக்காவை இந்த மாதக் கடைசி வரை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். உன் பதில் வந்த பிறகே பணம் கட்டுவேன். கனமான குழல்தான் என்று மறுபடியும் எழுதுவதானால் காரணத்தோடு எழுது.

அன்புடன்,
வசந்தி