நிற்கும்போது கார் அதிர்கிறதா? மவுன்ட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் அதிர்ந்தால், ‘இன்ஜின் மவுன்ட் போயிருக்கும்’ என்பதுதான் பெரும்பாலும் முதல் பதிலாக வருகிறது. இன்ஜினைப் பாடியோடு இணைத்து, அதன் அதிர்வை உள்வாங்கும் ரப்பர் தாங்கிதான் மவுன்ட். மவுன்ட்டை மாற்றியும் அதிர்வு நிற்காவிட்டால் பிளக் (தீப்பொறி தருவது), காயில் (பிளக்குக்கு மின்சாரம் தருவது), இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிப்பது) என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். வாகனம் வைத்திருப்பவரின் பணத்தைக் கரைக்கும் வழி இது. எதையும் கழற்றும் முன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: இன்ஜினே சீரில்லாமல் ஓடுகிறதா, சீராக ஓடும் இன்ஜினின் அதிர்வைத் தடுக்க முடியாமல் மவுன்ட் பாடிக்குள் விடுகிறதா?

அதிர்வின் வேகத்திலேயே பாதி விடை இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடும்போது நொடிக்குச் சுமார் 27 முறை எரிபொருள் எரிகிறது. மூன்று சிலிண்டரில் 20 முறை. மவுன்ட் கெட்டால் இந்த வேகத்தில், பொடி நடுக்கமாகத் தெரியும். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டால் கதை வேறு. ஒவ்வொரு சிலிண்டரின் முறையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், நொடிக்கு ஆறேழு தடவை வண்டி உதறும். மெக்கானிக்குகள் ‘மிஸ் அடிக்குது’ என்பது இதைத்தான். புகைக்குழாயின் அருகே நின்று கேட்டாலும் சத்தம் இடையிடையே தட்டும்.

மிஸ் அடித்தால் முதல் வேலை, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைப் போடுவது. குறியீடு பி0301 என்றால் மிஸ் அடிப்பது முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 வந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை என்று பொருள். பி0301 வந்திருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றி மாட்டி, குறியீட்டை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். புதுப் பொருள் எதுவும் வாங்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போதே காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் அந்த ஆபத்து இருப்பதால், வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

காயிலும் பிளக்கும் சரியாக இருந்தும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) மட்டும் மிஸ் அடித்தால், வேக்குவம் லீக்கை, அதாவது இன்ஜினுக்குள் காற்று திருட்டுத்தனமாக நுழையும் கசிவை, தேட வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் குழாய்), பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டு போகும் குழாயின் இணைப்பை அடைக்கும் தகடு) ஆகியவற்றில் விரிசல் விழுந்தால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரின் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால் சின்னத் துளையும் கலவையைக் கெடுத்துவிடும். ஆர்பிஎம் ஏறினால் அதே துளை பெரிதாகத் தெரியாது. அதனால்தான் ஓடும்போது நன்றாக இருக்கும் வண்டி நிற்கும்போது உதறுகிறது. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஸ்கேனரின் ஃபியூயல் ட்ரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலில் பிளஸ் 10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் சந்தேகம் உறுதியாகிறது. துளையைக் கண்டுபிடிக்கப் புகை விட்டுப் பார்ப்பதே பாதுகாப்பான முறை. சூடான இன்ஜின் மேல் தீப்பிடிக்கும் ஸ்பிரே அடிப்பது ஆபத்து.

இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலும் ஐடில் ஏறி இறங்கும். அதற்கான கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் அதன் தகட்டை விரலால் தள்ளக் கூடாது. துடைத்த பின் பல வண்டிகளில் ஐடில் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்குப் புதிய ஐடில் நிலையைக் கற்றுக்கொடுப்பது) செய்தாக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே சிலிண்டர் மிஸ் அடித்தால், இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளக்கும் நேரம் வந்துவிட்டது.

டேக்கோமீட்டர் முள் ஆடாமல் நிற்கிறது, ஸ்கேனரிலும் மிஸ் இல்லை, ஆனாலும் நடுக்கம் இருக்கிறது என்றால் அப்போது மவுன்ட்டைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கை மிதித்தபடி டி-யில் போட்டால் நடுக்கம் கூடி, நியூட்ரலில் குறைந்தால் மவுன்ட் மேல் சந்தேகம் வலுக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு தூக்குகிறது என்று பார்க்கலாம். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. ரப்பர் கிழிந்திருக்கிறதா, திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுன்ட்டாக இருந்தால் அதிலிருந்து திரவம் கசிந்திருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே சற்று அதிகம் அதிரும். அதைப் பழுதென்று நினைத்து நல்ல மவுன்ட்டை மாற்ற வேண்டாம்.

புது மவுன்ட் மாட்டும்போது போல்ட்டுகளை முதலில் விரல் இறுக்கத்தில் விட்டு, இன்ஜினின் எடை முழுவதும் மவுன்ட் மேல் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். ஜாக் தாங்கியிருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையில் உட்கார்ந்து, புது மவுன்ட்டும் அதிர்வைக் கடத்தும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்