கிட்டாரைப் பழிப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிட்டாரும் ரொக் இசையும் மலையகப் பிள்ளைகளைத் தம் மண்ணின் இசையிலிருந்து பிரித்துவிடுகின்றன என்று தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளியான கட்டுரை வருந்தியிருந்தது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பழியைக் கிட்டார் மீது போடுவதை, ஸ்கொட்லாந்து ரொக் கிட்டார் கலைஞர் ஸ்டுவர்ட் அடம்சனின் வாசிப்பைக் கேட்ட எவராலும் ஏற்க முடியாது.

1958 ஏப்ரல் 11ஆம் திகதி மான்செஸ்டரில் பிறந்த அவர், ஸ்கொட்லாந்தின் டன்ஃபேர்ம்லின் நகருக்கு அருகே குரொஸ்கேட்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வளர்ந்தவர். 1977இல் 'ஸ்கிட்ஸ்' இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1981இல் அதை விட்டு விலகி, புரூஸ் வொட்சனுடன் சேர்ந்து 'பிக் கன்ட்ரி' குழுவை அமைத்தார். சிந்தசைசர் கோலோச்சிய அந்நாளில் அவர்கள் இரண்டு கிட்டார்களையே நம்பினார்கள். தந்தியை மின்காந்தத்தால் ஓயாது அதிரச் செய்யும் 'ஈ-போ' என்ற கைக்கருவியையும் சுருதியை மாற்றித் தரும் மின்கருவியையும் பயன்படுத்தி அவர்கள் எழுப்பிய ஓசையைக் கேட்டவர்கள், அதை ஸ்கொட்லாந்தின் பேக்பைப்புக்கு ஒப்பிட்டார்கள். பேக்பைப்பில் ஒரு குழலில் மெட்டு ஓட, மற்றக் குழல்கள் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்கும். திருவிழாக்களில் நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமான ஓசையன்று.

1983இல் வெளியான அவர்களது 'த குரொஸிங்' இசைத்தொகுப்பு பிரித்தானியத் தரவரிசையில் மூன்றாம் இடத்தையும், மறு ஆண்டு வந்த 'ஸ்டீல்டவுன்' முதலிடத்தையும் பிடித்தன. ஸ்கொட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் கோர்பி நகர உருக்காலைக்குப் போன குடும்பங்களும், அங்கே 1980இல் உருக்கு உற்பத்தி நின்றபோது அவர்கள் வேலையிழந்து நின்றதுமே இரண்டாவது தொகுப்பின் தலைப்புப் பாடலுக்குப் பின்னாலுள்ள கதை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் வழியாகவும் ஹோலிரூட் போன்ற தோட்டப் பெயர்கள் வழியாகவும் ஸ்கொட்லாந்தைத் துரைமாரின் நாடாகவே அறிந்த நாம், அங்கும் பிழைப்புக்காக ஊர்விட்டுப் போன தொழிலாளர் இருந்தார்கள் என்பதை இப்பாடல்களில் கேட்கலாம்.

மதுப் பழக்கத்தோடு நெடுநாள் போராடிய அடம்சன், 2001 டிசெம்பர் 16ஆம் திகதி ஹவாயின் ஹொனலுலுவில் 43 வயதில் இறந்தார். மது எங்கள் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் செய்துவரும் அழிவை அன்றாடம் பார்ப்பவன் என்பதால், இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

என்னிடம் கிட்டார் பயிலும் மாணவன் ஒருவன், தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் கேட்ட, தப்பு என்னும் தோற்பறையின் அடியைக் கிட்டாரின் தடித்த தந்திகளில் தானாகவே வாசித்துப் பழகியிருந்தான். அதை ஒரு விழா மேடையில் வாசிக்கவிருந்தபோது, "சாவு வீட்டு மேளம் இங்கே வேண்டாம்" என்று தடுத்துவிட்டார்கள். தடுத்தவர்கள் நம்மவர்களே. அந்தப் பையனைத் தப்பிலிருந்து பிரித்தது கிட்டாரன்று. தப்பைச் சாதியோடு சேர்த்து இழிவாகப் பார்க்கும் நமது வழக்கமே அவனைப் பிரித்தது.

ஆகவே, தோட்டங்களில் இன்றும் தப்படிக்கும் மூத்த கலைஞர்களின் நேர்காணல்களுக்குத் தங்கள் ஞாயிறு இதழில் தொடர்ந்து இடம் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் நேர்காணலுக்கு உரியவர்களைத் தேடித் தர, நானும் அந்த மாணவனும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.