அரெசிபோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. மதுரைக்காரர் ஒருவரிடம் 2 லட்சம் கொடுத்தால் இருதலை மணியன் பாம்பு வியாபாரத்தில் 20 லட்சமாகத் திரும்பும் என்று அத்தான் பணம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள், அதற்கும் கீழே பதில் சொல்கிறேன். போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டவில்லை. அம்மாவோ சாப்பிட்டாயா என்பதைத் தாண்டி வருவதில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதியே விடுகிறேன். நீங்களே கண்ணாடி போட்டு வாசியுங்கள். அக்காவின் பெரியவனிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டாம். அவன் ஒரு வரி விடாமல் அத்தானிடம் ஒப்பித்துவிடுவான்.

முதலில் சாப்பாடு, அம்மாவுக்காக. இந்த புவெர்ட்டோ ரிக்கோ கரீபியன் கடலில் அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள தீவு, இங்கே குளிர் என்பதே கிடையாது, ஸ்வெட்டர் பின்ன வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் வயல் வரப்பில் நிற்கிற துவரைதான் இங்கேயும். பச்சைத் துவரையை உரித்து அரிசியோடு போட்டுப் பொங்குகிறார்கள், பண்டிகை என்றால் அது இல்லாமல் நடக்காது. பன்றிக்கறி சேர்ப்பார்கள் என்பதால் நானே சமைத்துக்கொள்கிறேன். வாழைக்காயை ஒருமுறை பொரித்து, நசுக்கி, மறுபடி பொரிக்கிறார்கள். அது நம் ஆச்சிக்குக்கூடப் பிடிக்கும். புளி உண்டு. கறிவேப்பிலைதான் இல்லை.

வீடு மாறியிருக்கிறேன், புது விலாசம் பின்னால் இருக்கிறது. பழையது ஒற்றை ஆளுக்குப் பெரிது. இப்போது ஒரு தாத்தா வீட்டின் பின்கட்டில் ஒரே அறை, காற்றோட்டமானது. மருந்து ஆலையில் என் கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது வர வேண்டும், நடுவில் இப்படிக் கொஞ்சம் இடைவெளி விழுவது இங்கே வழக்கம்தான். காரையும் கொடுத்துவிட்டேன். நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே.

அங்கே பாம்பு பல்லி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. என் தலைக்கு மேலேயே ஒன்று குடியிருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நம் மலைப்பாம்பு மாதிரியான போவா இனம், ஊர்க்காரர்கள் குலெப்ரோன் என்கிறார்கள். தீவிலேயே பெரிய பாம்பு அதுதான், ஆறு ஆறரை அடி வளரும், உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. விஷம் இல்லை, சுற்றி நெரித்துத்தான் கொல்லும். ஆளைக் கொல்லுகிற விஷப்பாம்பு இந்தத் தீவில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நான் ராத்திரி டார்ச் இல்லாமல் முற்றத்தில் கால் வைப்பதில்லை. தாத்தாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

ஒருநாள் கரண்ட் போய் இருட்டில் படுத்திருந்தேன். (கரண்ட் இங்கே அடிக்கடி போகும். 2017இல் மரியா புயலில் தீவு முழுக்க இருண்டு, சில ஊர்களுக்கு மாதக்கணக்கில் வரவில்லையாம்.) உத்தரத்தில் எலி ஒருமுறை கீச்சிட்டு நின்றுபோனது. டார்ச் அடித்தால் மூன்று சுற்று, அந்தச் சுற்றுக்குள்ளிருந்து எலியின் வால் மட்டும் தொங்குகிறது. கருத்த பழுப்பு நிறம், முதுகு நெடுகக் கரும்பட்டைகள், நடு உடம்பு உலக்கை கனம். எலி அடங்கியதும் சுற்றைத் தளர்த்தி, மூக்கால் தடவித் தடவி அதன் தலையைக் கண்டுபிடித்தது. பிறகு வலது தாடை ஒரு அடி, இடது தாடை ஒரு அடி என்று எலிமேல் நடந்து ஏறியது. அவசரமே இல்லை. தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, போய் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் ஒரு மாதிரியான ஆள். கோழிக்குஞ்சு காணாமல் போனால் கூரையை அண்ணாந்து பார்த்து அரை மணி நேரம் திட்டுவார். நான் எலி மருந்து வாங்கி வந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார், மருந்து தின்ற எலியைப் பாம்பு தின்றால் என்ன ஆவது என்று. இத்தனைக்கும் முன்காலத்தில் இதன் கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்து மூட்டுவலிக்குத் தேய்த்த ஊர் இது. 1970இலிருந்து அமெரிக்கச் சட்டப்படி இது அழியும் நிலையில் உள்ள உயிர், தொடக்கூடாது. அம்மா முழங்காலுக்குக் கேட்டுவிடப் போகிறாள், அதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கீரியும் இங்கே உண்டு. 1872இல் கரும்புத் தோட்டத்து எலியை ஒழிக்க இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள், சில வருடங்களில் இங்கேயும் வந்துவிட்டது. எலி ராத்திரி நடமாடும், கீரி பகலில் நடமாடும். இரண்டும் பார்த்துக்கொண்டால்தானே! கீரி முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகி, இப்போது வெறிநோய் வேறு பரப்புகிறது. எலி பிடிக்கிற வேலையை நேரம் தெரிந்து செய்வது குலெப்ரோன்தான்.

அரெசிபோவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் குகைகளும்தான். 2020 டிசம்பரில் இடிந்து விழுந்ததே பெரிய ரேடியோ தொலைநோக்கி, அதுவும் இந்தக் குன்றுகளுக்கு நடுவில்தான் இருந்தது. குலெப்ரோன்களின் பெயராலேயே ஒரு குகை இருக்கிறது. தாத்தாவின் பேரன் ஒரு சாயங்காலம் கூட்டிப்போனான். குகை வாயில் நின்றால் உள்ளேயிருந்து வெந்த காற்றும் எச்ச நாற்றமும் முகத்தில் அடிக்கிறது. உள்ளே லட்சக்கணக்கில் வௌவால். அந்தி மங்கும்போது பாம்புகள் வந்து, வாயிலில் தொங்கும் வேர்களிலும் கொடிகளிலும் வாலைச் சுற்றிக்கொண்டு, பாதி உடம்பை அந்தரத்தில் நீட்டி அசையாமல் இருக்கின்றன. வௌவால் கூட்டம் புறப்பட்டதும் காதில் இறகு உரசுகிற மாதிரி நெருக்கம். அந்த நெரிசலில் ஒன்று தலைப்பக்கம் உரசிப் போனால் லபக்கென்று பிடித்து, தொங்கியபடியே நெரித்து, தொங்கியபடியே விழுங்குகிறது. எத்தனையோ குறி தப்பியது. தப்பினால் தலையை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளும். நானும் பேரனும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது முட்டை இடாது, குட்டி போடும். மழைக்காலத்தில் பிறக்கிற குட்டி ஓணானைப் போன்ற சின்னப் பல்லிகளைப் பிடித்துத் தின்று வளரும். நம் காட்டு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாக்கும். ஆனால் நம் மண்ணுளிப் பாம்பு இதைப் போலக் குட்டிதான் போடும். மண்ணுளி இதற்குத் தூரத்துச் சொந்தம்.

மண்ணுளி என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். அத்தான் சொல்கிற இருதலை மணியன் அதுதான் அப்பா. அதற்கு இரண்டு தலை கிடையாது. வால் மொட்டையாக இருப்பதால் தலை மாதிரித் தெரியும், எதிரி வந்தால் அதைத் தூக்கிக் காட்டி ஏமாற்றும். எடை கூடினால் கோடி, வெளிநாட்டில் மருந்துக்கு வாங்குகிறார்கள் என்பதெல்லாம் சுத்தப் பொய். நான் வெளிநாட்டில், அதுவும் மருந்து ஆலையில்தான் இருந்தேன். யாரும் பாம்பு வாங்கி நான் பார்த்ததில்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி பிடித்தாலும் விற்றாலும் ஜெயில். மதுரைக்காரர் 2 லட்சத்துக்கு 20 லட்சம் தருவதாகச் சொன்னால், அந்த 2 லட்சம்தான் அவருக்கு வியாபாரம். என்னிடம் பணம் இல்லாமல் இதைச் சொல்வதாக அத்தான் நினைக்கக்கூடாது. இருந்தாலும் தரமாட்டேன்.

இங்கே ராத்திரி எட்டு மணி என்றால் அங்கே விடிகாலை ஐந்தரை. கட்டைவிரலைவிடச் சின்னதாக ஒரு தவளை உண்டு, கோக்கி என்று பெயர், அது கத்துகிற கத்தலுக்கு உங்களுக்கே காது கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில், இப்போது அம்மா வாசல் தெளிப்பாள், நீங்கள் வாய்க்கால் பக்கம் போவீர்கள், ஆச்சி யாரையாவது வைது எழுப்புவாள் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிடுவேன். அந்த நேரத்தில் எந்த வேலையும் ஓடாது. இந்த வருடம் கோவில் கொடைக்கு யார் வரி பிரித்தது? யாருமே எழுதவில்லை.

சரி. கீழவயல் பத்திரம் பீரோவில்தானே இருக்கிறது? அதை எடுத்துச் சித்தப்பா வீட்டில் கொடுத்து வையுங்கள். அவருக்கும் நமக்கும் எல்லைக்கல் தகராறு இருந்தாலும் பத்திரத்தை அடகு வைக்கிற ஆள் இல்லை. அக்கா கேட்டால் கரையான் வந்தது என்று சொல்லுங்கள். கன்றுக்குட்டியை இப்போது விற்க வேண்டாம், புரட்டாசி கழியட்டும். கூட்டுறவு சங்கத்து நகைக்கடனைத் திருப்ப இந்த முறை முடியாது. வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள், புதுக் கான்ட்ராக்ட் வந்ததும் மொத்தமாக அனுப்புகிறேன். ரசீதை மறக்காமல் வாங்குங்கள், போன முறை அவர்கள் தரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்