ராட்சதப் பரங்கி என்று அனுப்பிய விதை குறித்துப் புகார்

மதுரை

பெறுநர்:
விற்பனை மேலாளர் அவர்கள்,
விதை மற்றும் நாற்று விற்பனைப் பிரிவு.

ஐயா,

சென்ற அக்டோபரில் உங்களிடம் 20 ஸ்ட்ராபெர்ரி நாற்றும், ‘அட்லாண்டிக் ஜெயன்ட்’ என்று ஒட்டியிருந்த பாக்கெட்டில் 5 பரங்கி விதையும் வாங்கினேன். விதைக்கு மட்டும் 650 ரூபாய். நான் மதுரைவாசி. தோட்டம் சிறுமலையில், என் மாமனாருடையது. மதுரை வெயிலில் ஆகாததை 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ச் செய்து பார்க்கலாம் என்றுதான் இரண்டையும் வாங்கினோம்.

நாற்றில் ஒரு குறையும் இல்லை. ஈரத் தென்னைநார்க் கழிவில் பொதிந்து வந்தது. 18 பிழைத்தன, பிப்ரவரியில் பழம் பறித்தோம். குருத்தை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும் என்று நீங்கள் வைத்திருந்த குறிப்பும் உதவியது.

விதைதான் பிரச்சினை. தை மாதம் ஊன்றினோம், 4 முளைத்தன. திடமான இரண்டை மட்டும் விட்டு, குழிக்கு நாலு கூடை தொழுவுரம் போட்டோம். பூ விட்டதும் மாமா தினமும் விடியற்காலையில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவினார். காய் பெருக்க வேண்டுமென்றால் கொடிக்கு ஒரு பிஞ்சுதான் விட வேண்டும். ஆகவே மற்ற பிஞ்சுகளை, பதினாலு இருக்கும், தன் கையாலேயே கிள்ளிப் போட்டார். 71 வயதாகிறது அவருக்கு. பிடித்த பிஞ்சைக் கிள்ளி ஒருநாளும் பழக்கமில்லாத மனிதர். உங்கள் பாக்கெட்டில் இருந்த பெயரை நம்பித்தான் அதைச் செய்தார்.

நாளுக்கு நாள் கிலோக்கணக்கில் ஏற வேண்டிய காய் 6 கிலோவில் நின்றுவிட்டது.

போன் செய்தபோது, “சிறுமலையில் குளிர் போதாது, அதான்” என்றார்கள். இதை நான் ஏற்கவில்லை. அட்லாண்டிக் ஜெயன்ட், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி உருவாக்கிய ரகம். பரங்கியில் குகுர்பிட்டா மாக்ஸிமா என்ற இனம். அதன் காம்பு உருண்டையாக, தக்கைபோல் பருத்திருக்கும். எங்கள் காயின் காம்பு கெட்டியாக, ஐந்து பட்டையாக, காயோடு சேரும் இடத்தில் விரிந்து நிற்கிறது. இது சந்தையில் கீற்றுப் போட்டு விற்கிற நம்ம ஊர்ப் பரங்கி, குகுர்பிட்டா மொஸ்காட்டா என்ற வேறு இனம். தட்பவெப்பம் ஒத்துவராவிட்டால் காய் சிறுக்கலாம். காம்பு மாறாது.

பாக்கெட்டில் விதை எந்தத் தொகுதி என்று காட்டும் குவியல் எண்ணும் இல்லை, பரிசோதனைத் தேதியும் இல்லை. பெரிய காயின் படம் மட்டும் இருந்தது.

650 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், அந்த விதையை விற்பதை உடனே நிறுத்துங்கள். இதே பாக்கெட்டை வாங்கியவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்களும் இந்நேரம் பிஞ்சைக் கிள்ளிக்கொண்டிருக்கலாம். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் விதை ஆய்வாளரிடமும், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன்.

ரசீது நகலும் காம்பு, இலைப் படங்களும் இணைத்துள்ளேன். காயைக் காம்போடு வைத்திருக்கிறோம். ஆள் அனுப்பினால் மாமாவே காட்டுவார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்